நடுவில் வாசலா சுவரா

அண்ணன் தன் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பெரியபாளையம் சாலையில் புதிதாக வந்திருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் படம். வெள்ளை வெளேரென்று நாலு தூண்கள், அவற்றின் தலைமேல் ஒரு முக்கோணம், கீழே அகலமான படிகள்.

"இதே மாதிரி முன்பக்கம் வோணும். ஊருக்கெல்லாம் வரைஞ்சி குடுக்கறே, நம்ம ஊட்டுக்கு வரைய மாட்டியா?" என்றார்.

தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தான். "தூணு நாலுக்கா. அண்ணனுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. ஒரு பக்கம் இன்னா கீதோ அதேதான் இன்னொரு பக்கமும் இருக்கணும். ஒரு இன்ச்சு முன்ன பின்ன ஆச்சின்னா அப்புறம் பேஜாருதான்."

எங்கள் ஊர் திருப்பாச்சூருக்குப் பக்கத்தில். அப்பா போன பிறகு வந்த ஒரு மழையில் வீட்டின் பின்சுவர் சாய்ந்துவிட்டது. இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவதென்று முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் ஊரிலேயே இருந்து நெல் பயிர் பார்க்கிறவர். தம்பி சொந்த மினி லாரி வைத்துக் கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவன். நான் நடுவில் பிறந்தவள். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு இரும்பு உருட்டும் ஆலையில் ஷிப்டு வேலை. எனக்கு சிப்காட்டில் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை. அந்தப் பட்டறையில் செய்வதே இந்தத் தூண்களைத்தான்.

ஆகவே அண்ணன் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனாலும் அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னால் சாய்ந்து உட்கார முடியவில்லை. பெரியபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஆடி மாதம், மஞ்சள் சேலைகளும் வேப்பிலையுமாக ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ளும் நிலையாக நிற்க முடியாமல் இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டது போல இருந்தது. என்னவென்று தெரியவில்லை.

எங்கள் பட்டறையில் தூண் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பெரிய தெர்மாகோல் பாளத்தைச் சூடான கம்பியால் வெட்டுவார்கள். அது வெண்ணெய் போல வெட்டுப்படும். வெட்டியதன்மேல் கண்ணாடி இழை வலையைச் சுற்றி, சிமெண்ட் கலவையைப் பூசிக் காயவைப்பார்கள். ஒவ்வொரு தூணும் நீளவாக்கில் இரண்டு பாதியாகத்தான் வெளியே போகும். கட்டுகிற இடத்தில் நிஜமான கான்கிரீட் கம்பம் மெலிதாக நிற்கும். அதன் இரண்டு பக்கமும் இந்தப் பாதிகளை வைத்து ஒட்டிவிட்டால் ராஜா வீட்டுத் தூண்.

மூன்று வகை செய்கிறோம். ஒன்று, தலையில் அலங்காரமே இல்லாத தடித்த தூண். இன்னொன்று, தலையின் இரண்டு பக்கமும் ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்டிருக்கும். மூன்றாவது, கூடையிலிருந்து இலைகள் வழிகிற மாதிரி. பட்டறையில் இவற்றுக்கு மொட்டை, சுருள், இலை என்று பெயர். கிரேக்கர்கள் வைத்த பெயர்கள் எங்கள் விலைச்சீட்டில் மட்டும் இருக்கின்றன.

இவை எங்கிருந்து வந்தன என்பதை நான் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி ஒரு தடித்த படப் புத்தகம் கொடுத்திருந்தார். மீதியைப் பஸ்ஸில் போகும்போது கைபேசியில் படிப்பேன். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் பணக்காரர்களின் மாளிகைகள் ஒரே நெளிவும் சுளிவுமாக இருந்தனவாம். சுவரெல்லாம் தங்க முலாம், கூரையெல்லாம் மேகமும் இறக்கை வைத்த குழந்தைகளும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்கள். அந்தச் சமயத்தில் இத்தாலியில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய ஊர்களைத் தோண்டி எடுத்தார்கள். நேரான தெருக்கள், தூண் வைத்த முற்றங்கள். இன்னும் சிலர் கிரேக்க நாட்டுக்கே போய், இடிந்து கிடந்த கோயில்களை அளந்து படமாக அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதுதான் அழகு என்று பட்டுவிட்டது. நேர்கோடு, அளவு, வெறுமையான சுவர், ஒரு பக்கத்தைப் போலவே மறுபக்கம். அதன்பிறகு நீதிமன்றம் கட்டினாலும் வங்கி கட்டினாலும் முன்னால் ஒரு கிரேக்கக் கோயிலின் முகம்தான். புதுச்செவ்வியல் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகப் படங்கள் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தன. கிரேக்க நாட்டைக் கண்ணால் கண்டிராத ஆங்கிலேயப் பொறியாளர்கள், படத்தைப் பார்த்தே இங்கே தூண்களை நிறுத்தினார்கள். பளிங்குக்கு எங்கே போவது? செங்கல்லில் கட்டி, பழவேற்காடு ஏரிப்பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பைப் பூசித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். கடலில் வந்தவர்கள் பளிங்கு என்றே நம்பினார்களாம். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. எங்கள் தெர்மாகோல் தூணை யாராவது கேலி செய்தால் சொல்வதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

வரைய உட்கார்ந்த அன்றே சிக்கல் தெரிந்துவிட்டது. இந்த முகப்பில் தூண்கள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும். அப்போதுதான் நட்டநடுவில் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் வாசல் வரும். நம் ஊரிலும் வாசலுக்கு எதிரே தூண் நின்றால் வாசல் குத்தல் என்று ஒதுக்குவார்கள். கிரேக்கரும் நம் ஊர் வாஸ்துக்காரரும் ஒத்துப்போகிற இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் என் அண்ணனும் தம்பியும் கேட்டது இரண்டு சமபாதி. இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் நட்டநடுவில் சுவர் வர வேண்டும். முகப்பு முகப்பாக இருக்க வேண்டுமென்றால் அதே இடத்தில் வாசல் வர வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் எப்படி வைப்பது?

முதலில் நடுவில் சுவரை வைத்து, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு வாசல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி பார்த்த மாத்திரத்தில் சொன்னான்: "இன்னாக்கா இது, ரயில்வே குவார்ட்டர்ஸு மாதிரி கீது?" அவன் சொன்னது சரிதான். கண் இரண்டும் இருந்து மூக்கில்லாத முகம் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு நடுவில் ஒரே வாசல் வைத்து, உள்ளே நுழைந்ததும் சின்னக் கூடம், அதிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதவுகள் என்று வரைந்து கொண்டுபோனேன். முகப்பு அழகாக வந்துவிட்டது. ஆனால் வாசலை யார் பூட்டுவது என்று அண்ணன் கேட்டார். கோலம் யார் போடுவது என்று அண்ணி கேட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம் என்று தம்பி மனைவி சொன்னாள். வெள்ளிக்கிழமை யாருக்கு என்று அண்ணி கேட்டார். அந்தப் பேச்சு அப்படியே நீண்டு, மாலைக்குள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டது. நான் தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

ஒவ்வொரு வாரமும் இப்படியே போனது. அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தானாக எங்கள் வீட்டுப் படத்தைத் திறக்கும். ஒரு சுவரைத் தள்ளுவேன், திரும்ப இழுப்பேன். சமைக்கும்போது பாதியில் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து ஒரு கோடு போடுவேன். ஒரு நாள் கணவர் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

அப்படி ஒரு மதியத்தில்தான் கவனித்தேன். நான் வரைந்த எந்தப் படத்திலும் அம்மாவுக்கு என்று ஓர் அறை இல்லை.

அடுத்த முறை போனபோது கேட்டேன். "அம்மா எந்தப் பக்கம்?"

"ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க," என்றார் அண்ணன். ஏற்கெனவே பேசி வைத்திருந்தது போல உடனே வந்தது பதில். அம்மா முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வீட்டை அரை அங்குலம் பிசகாமல் பாதியாக்க முடியும். அம்மாவை அப்படி முடியாதே. திரும்பும் பஸ்ஸில், பெரியபாளையத்தில் இறங்க வேண்டியவள், ஊரைத் தாண்டிய பிறகுதான் பார்த்தேன். இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். அந்த நடையில்தான், இத்தனை வாரமாக என்னை உட்காரவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது அம்மாவின் அறை மட்டும் அல்ல என்று புரிந்தது. அந்தப் படத்தில் நானும் இல்லை. பாகம் என்று வந்தால் மகளுக்கும் உண்டு என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியும். சட்டத்தைக் காட்டி அண்ணனிடம் கேட்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வழி முதலாளி கொடுத்த புத்தகத்தில் இருந்தது. அந்தக் காலத்துப் பிரபுக்கள் கிராமத்தில் கட்டிய வீடுகளின் படங்கள். நடுவில் உயரமான ஒரு கட்டடம், அதற்கு முன்னால்தான் தூண்களும் முக்கோணமும். அதன் இரண்டு தோள்களிலிருந்தும் கொஞ்சம் தாழ்வாக, ஒன்றைப் போல ஒன்றாக, இரண்டு சிறகுகள். நடுவில் ஒரு சுவர் வந்தால்தானே வாசலோடு மோதும்? இரண்டு சுவர்கள் வந்தால்? நடுப்பாகத்துக்கு நடுவில் வாசல். சிறகுகளுக்குத் தனித்தனி வாசல். எந்தச் சண்டையும் இல்லை.

ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன். இடது சிறகில் அண்ணன் என்று எழுதினேன். வலதில் தம்பி. நடுவில் முன்னறைக்கு அம்மா. அதற்குப் பின்னால் இருந்த அறையில் எதுவும் எழுதாமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். தம்பி கையைத் தட்டினான். "இதான்க்கா! இத மொதல்லயே போட்டிருக்கலாமே!" அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பார்த்தார். அவர் விரல் சிறகிலிருந்து நடுவுக்கு வந்து, பின்னறையில் நின்றது.

"இது யாருக்கு?"

"இந்த ரூமு எனக்குண்ணா. அம்மா இருக்கறவரிக்கும் முன்னறை அம்மாவுக்கு. அப்புறம் அதுவும் எனக்கு."

தம்பி மனைவி காப்பித் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமலே நிமிர்ந்தாள்.

முதலில் பேசியது அம்மாதான். "உன்னத்தான் கட்டிக் குடுத்தாச்சேடி. உனக்கு இன்னாத்துக்கு இங்க ரூமு? வந்தா தங்க வோணாம்னு யாரு சொன்னது?"

"வந்து தங்கறது வேற மா. இருக்கறது வேற," என்றேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். தம்பி என்னைப் பார்த்து, "இதுக்காகத்தான் இத்தினி நாளா வரைஞ்சிக்கினு இருந்தியாக்கா?" என்று கேட்டான். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய், சூளூர்பேட்டை வண்டி போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். வீட்டில் ஒவ்வொரு சாமானாக இடம் மாற்றினேன். பீரோவைக்கூட நகர்த்தினேன். கணவர் ஷிப்டு முடிந்து வந்து பார்த்துவிட்டு, "கேட்டது கேட்டாச்சு. இனிமே அவங்க பேசட்டும். நீ மொதல்ல உக்காரு," என்றார். உட்கார்ந்தேன். அவர் குளிக்கப் போனதும் எழுந்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு முறை பட்டறை வேலையாகச் சென்னைக்குப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது. அண்ணா சாலைக்குப் பக்கத்தில், முன்காலத்தில் ஆளுநர்கள் விருந்து கொடுப்பதற்காகக் கட்டிய பழைய மண்டபத்தைப் பார்க்கப் போனேன். ஆறு போல அகலமாக இறங்கி வரும் படிகள். மேலே வரிசையாகத் தூண்கள். படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். நேரில் பார்த்தபோது அதன் அமைதிதான் எனக்கு முதலில் பட்டது. எதையும் சொல்ல அவசரப்படாத கட்டடம். தூண்கள் கீழிருந்து மேலே போகப்போகக் கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்தன. நாங்களும் அப்படித்தான் வெட்டுகிறோம். ஆனால் நிழல் இப்படி விழும் என்று கம்ப்யூட்டரில் தெரியாது. ஒரு போரில் ஜெயித்ததைக் கொண்டாடும் விதமாக அதைக் கட்டினார்கள் என்று படித்திருந்தேன். யாரோ தோற்றிருக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே ஓர் இடமும் இருந்திருக்காது என்று தோன்றியது. படியில் உட்காரப் போனேன். காவலாளி, "இங்க உக்காரக் கூடாதும்மா," என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பட்டறை வாசலில் என்னைத் தேடி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அண்ணி. தனியாக, கையில் ஒரு துணிப்பையோடு, சிமெண்ட் தூசிக்கு முந்தானையை மூக்கில் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பஸ் மாறி, ஆட்டோக்காரரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். அவர் தனியாகக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் வருவார் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கும் அவருக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது.

காயப் போட்டிருந்த தூண்களுக்கு நடுவில் இரண்டு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். அண்ணி பையிலிருந்து ஒரு டப்பா முறுக்கை எடுத்து என் மடியில் வைத்தார்.

"உங்கண்ணன் என்னாண்ட கேட்டாரு, நீ இன்னா சொல்றேன்னு," என்று ஆரம்பித்தார். "நான் சொன்னேன். எங்கப்பா செத்தப்போ எங்கண்ணனுங்க என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல. நானும் கேக்கல. கேட்டா அப்புறம் அம்மா ஊட்டுக்குப் போவ முடியாதுன்னு பயம். கேக்காம இருந்து இன்னா ஆச்சி? இன்னிக்கும் அங்க போனா ஹாலுல பாய் போட்டுத்தான் படுக்கறேன். காலைல அவங்க டிவி போடறதுக்கு முன்ன பாய சுருட்டணும். உங்க தங்கச்சி வாயத் தொறந்து கேட்டுட்டா. கேட்டவள அனுப்பிட்டீங்கன்னா, நாளைக்கு நம்ம பொண்ணு எந்த ஊட்டுல போய் கேக்கும்னேன்."

"அதுக்கு அண்ணன் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னாண்ட பேச்சே இல்ல. நேத்து மேஸ்திரிய இட்டாந்து தரையில கயிறு புடிக்கச் சொன்னாரு. நடுவுல ஒரு கயிறு புடிச்சாரு. கொஞ்ச நேரம் நின்னுக்கினு இருந்தாரு. அப்புறம் அத அவுத்துட்டு ரெண்டு கயிறா புடிக்கச் சொன்னாரு."

நான் அழுதுவிட்டேன். அண்ணி சுற்றிலும் பார்த்துவிட்டு, "சீ, ஆம்பளைங்க பாக்கறாங்க," என்று என் தோளைத் தட்டினார். பிறகு எழுந்துபோய் ஒரு சுருள் தலையைத் தொட்டுப் பார்த்தார். "இது வோணாம். ஆட்டுத் தல மாதிரி கீது. நம்முளுக்கு அந்த இலை வெச்சது போடு," என்றார்.

அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை அம்மாவே போன் செய்தாள். அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த முக்கோணத்துக்குள் என்ன வரும் என்று கேட்டாள். பழைய கோயில்களில் அந்த இடத்தில் அவர்களுடைய சாமிகளைச் செதுக்கி வைத்திருந்தார்கள் என்றேன். "அப்போ நமக்குக் கஜலட்சுமி வெய்யி," என்று போனை வைத்துவிட்டாள்.

தூண்களைத் தம்பியின் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். நான் முன்னால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு ஆரணிச் சாலையில் திரும்பிய பிறகுதான் அவன் பேசினான்.

"ரூமு குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. மொதல்லயே கேட்டிருந்தீன்னா நானே அண்ணனாண்ட பேசியிருப்பேன். படத்துல போட்டு, அல்லாரையும் ஆசப்பட வெச்சிட்டு அப்புறம் கேட்டே பாரு. அதான்."

அவன் நிஜமாகவே பேசியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது. "கேக்க வாய் வரலடா," என்றேன். அவன் கியர் மாற்றினான். பெரியபாளையத்தில் நிறுத்தி, கேட்காமலே எனக்கு ஒரு இளநீர் வாங்கிக்கொடுத்தான்.

வேலை நடக்க நடக்க வேறு சண்டைகள் வந்தன. வாஸ்துப்படி சமையலறை தென்கிழக்கில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும். எங்கள் வீடு கிழக்கு பார்த்தது. அண்ணன் சிறகுக்குத் தென்கிழக்கு என்பது வெளி ஓரம். தம்பி சிறகுக்கு அது நடுப்பாகத்தை ஒட்டிய மூலை. ஆக, உள்ளே ஒரு பக்கம் போல மறுபக்கம் வரவே வராது. வெளியே மட்டும்தான் வரும். அண்ணன் பக்கத்துச் சமையலறை அகலமாக விழுந்ததால் அடுப்பைத் தள்ளி வைத்து ஜன்னலுக்கு இடம் விட முடிந்தது. தம்பி பக்கத்தில் குறுகலான இடம். அடுப்பு மேடைக்கு நேரே ஜன்னல் வைத்தால் காற்றில் தீ அணையும். ஜன்னலே வைக்காவிட்டால் வெளியே முகம் கோணலாகும். பழைய மாளிகைகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. வெளியே சட்டமும் விளிம்பும் வைத்து ஜன்னல் போலவே காட்டி, உள்ளே சுவராக விட்டுவிடுவார்கள். நானும் அதையே செய்தேன்.

தம்பி மனைவி ஒரு நாள் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி நடந்து எண்ணிப் பார்த்திருக்கிறாள். "அக்கா, வெளிய ரெண்டு ஜன்னலு கீது. உள்ள ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு எங்க?" என்று எனக்குப் போன். விளக்கினேன். பின்னாலிருந்து தம்பி கத்துவது கேட்டது: "அண்ணனுக்கு நெஜ ஜன்னலு, எனக்குப் பொய் ஜன்னலா?" ஒரு வாரம் வேலை நின்றது. கடைசியில் அவன் மனைவியே, அந்தச் சுவர் இருந்தால்தான் மசாலா டப்பா அலமாரி மாட்ட முடியும் என்று சொல்லி முடித்துவைத்தாள்.

கட்டி முடித்து, முதல் வெள்ளைப் பூச்சு அடித்தபோது நான் சாலைக்கு வந்து நின்று பார்த்தேன். புத்தகத்தில் இருந்த மாதிரியே இருந்தது. நாலு தூண், இலைத் தலைகள், முக்கோணத்தில் யானைகள் நீரூற்ற உட்கார்ந்திருக்கும் லட்சுமி, இரண்டு பக்கமும் அடக்கமாகச் சிறகுகள். இப்படியே விட்டுவிடலாம் என்று எல்லோரிடமும் கெஞ்சினேன். கேட்டால்தானே? அண்ணனுக்கு இளம்பச்சை வேண்டும். தம்பி மனைவிக்கு ரோஜா நிறம். ஒரு சிறகு பச்சை, ஒரு சிறகு ரோஜா, நடுவில் அம்மா சொன்ன சந்தன நிறம், இலைகளுக்கு மட்டும் தங்கப் பூச்சு. நான் கோபத்தில் கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வழக்கம்போலக் கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். கிரேக்கக் கோயில்கள் வெள்ளையாகவே இருந்ததில்லையாம். நீலமும் சிவப்புமாக வண்ணம் தீட்டியிருந்தார்களாம். வெயிலிலும் மழையிலும் சாயம் போன பிறகு போய் அளந்தவர்கள், வெள்ளைதான் அழகு என்று எழுதிவிட்டார்கள். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இப்போது அம்மா நடுப்பாகத்தில் இருக்கிறாள். யார் வீட்டில் சாப்பாடு என்பதை அன்றன்று குழம்பின் வாசனையை வைத்து முடிவு செய்கிறாள். பின்னறைச் சாவி என்னிடம் இருக்கிறது. ஒரு கட்டிலும் மேசையும் போட்டிருக்கிறேன். போகிற ஞாயிறுகளில் மதியம் அங்கே படுத்துப் பார்ப்பேன். தூக்கம் வருவதில்லை. எழுந்து ஏதாவது ஒரு மூலையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னும் இன்னாடி தேடறே?" என்று அம்மா கேட்கிறாள்.

போன மாதம் ஒரு கார் வந்து நின்றது. கணவன், மனைவி, மாமியார் போல ஒரு பெண்மணி. அந்தக் கணவன் இறங்கி வந்து தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "மண்டபம் ஆவணில காலியா கீதாம்மா? எத்தினி பேரு உக்காந்து சாப்டலாம்?"

அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். இது வீடு என்று அவர்களுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த மனைவி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகும் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். கேட்டில் ஒரு பெயர்ப்பலகை வைத்துவிட்டால் தொல்லை இருக்காது என்று அண்ணன் சொல்கிறார். அப்பா பெயரை எழுதலாம் என்கிறார். அண்ணன் பெயரும் தன் பெயரும் போதும் என்கிறான் தம்பி. அக்கா பெயரை விட்டுவிட்டு எப்படி என்று அவன் மனைவி கேட்கிறாள். பலகையை நானே பட்டறையில் செய்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். எதை எழுதுவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.